கூரைல கிளை விழுந்துடுச்சா? வாளத் தூக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

ஏற்காட்டுல இப்ப நிறைய பேரு அஞ்சு சென்ட், பத்து சென்ட்னு எடம் வாங்கி வீடு கட்டி குடி வர்றாங்க. மலைக்குக் கீழ சேலத்துல கன்னங்குறிச்சி, கோரிமேடு, அடிவாரம் பக்கமும் அதே கதைதான். வாங்கறப்போ தண்ணி வருதா, பட்டா கிளியரா, ரோடு எத்தன அடின்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்போம், ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு ஒருத்தரும் நிமிந்து பாக்க மாட்டோம். நானும் பாக்கல.

2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி ஏற்காடு மலைப்பாதைல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சே, அந்த நேரம் ஒரு ராத்திரி பக்கத்து தோட்டத்து சில்வர் ஓக் மரம், ரெண்டா கவைச்சு நின்ன மரம், அதுல எங்க பக்கம் இருந்த கவை ஒடிஞ்சு சமையக்கட்டு மேல போட்ட சிமெண்ட் ஷீட்ட ஒடச்சுட்டு அடுப்பு மேடை வரைக்கும் எறங்கிடுச்சு. நல்லவேளை யாரும் உள்ள இல்ல. கூரைய சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு, தோட்டத்துக்காரரோட மறுபடி பேச மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசத்து அக்கப்போரு உங்களுக்கு வேணாம்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல கரண்டு

சத்தம் கேட்டதும் டார்ச்ச எடுத்துக்கிட்டு வெளிய ஓடத் தோணும். ஓடாதீங்க. மலைல ஈபி வயரு பாதி எடத்துல மரத்துக்கு நடுவாலதான் வருது, கிளை விழறப்போ அதையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்கும், ஈரத்தரைல அறுந்த வயரு எங்க கெடக்குன்னு ராத்திரில தெரியாது. உள்ள இருந்தே மெயின ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணுங்க, மெயினு நனைஞ்ச எடத்துல இருந்தா அதுவும் வேணாம். மின்னகம் நம்பரு 94987 94987, ராத்திரிலயும் எடுப்பாங்க. ஏரியா லைன்மேன் நம்பர குடி வந்த வாரமே வாங்கி வச்சுக்கங்க, மலைல அவரு நம்பருதான் மொதல்ல வேலை செய்யும். ரோட்ட அடைச்சு விழுந்திருந்தாலோ ஆளு மாட்டியிருந்தாலோ 112. மாவட்ட பேரிடர் கண்ட்ரோல் ரூம் 1077. வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனருக்கு அப்பவே ஒரு போன் போட்டுடுங்க, கூரை அவரோடது.

விடிஞ்சதும் அறுக்கணும்னு கை பரபரக்கும்

இங்கதான் நான் சறுக்குனேன். காலைல ஆறு மணிக்கே பவர் ஷாவோட ஒரு ஆளப் புடிச்சு பத்து மணிக்குள்ள எல்லாத்தையும் துண்டு போட்டு வாசல்ல அடுக்கியாச்சு. சுத்தமா பண்ணிட்டோம்னு ஒரு பெருமை வேற. பின்னாடி ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் கேக்கறப்போ கைல இருந்தது, அறுக்கறதுக்கு முன்னாடி என் பொண்ணு வெளையாட்டா எடுத்த ரெண்டே போட்டோ.

அறுக்கறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய போட்டோ இதுங்க: தூரத்துல நின்னு மரம், வேலி, கூரை மூணும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒண்ணு. கூரை ஒடஞ்ச எடம் உள்ளருந்து ஒண்ணு, மேலருந்து ஒண்ணு. அப்புறம் ரொம்ப முக்கியம், கிளை ஒடிஞ்ச வாய், அதாவது முறிஞ்ச எடம். கிளைல இருக்கிற வாயி, மரத்துல இருக்கிற வாயி ரெண்டையும் கிட்டக்க போயி எடுங்க. அந்த வாயி பேசும். வெள்ளையா, நார் நாரா கிழிஞ்சிருந்தா நல்ல மரம், காத்து ஒடச்சிருக்கு. பழுப்பா, தொட்டா மாவா உதிர்ற மாதிரி இருந்தா, கரையான் மண்ணு ஒட்டியிருந்தா, பட்டைல காளான் பூத்திருந்தா, அது ரொம்ப நாளா உள்ள செத்துக்கிட்டு இருந்த கிளை. எங்களுதுல பாதி வாயி வெள்ளை, பாதி பழுப்பு. கவை சேர்ற எடத்துல எப்பவோ அரிவாளால வெட்டுன காயம் இருந்து அதுல தண்ணி எறங்கி எறங்கி ஊறியிருந்துச்சு. நம்மகூட இருக்கற ஆள் யாராவது பாக்கறப்போ அந்த வாய்ப்பக்கத்துல ஒரு சாண் துண்டு அறுத்து எடுத்து வைங்க. என்கிட்ட அந்த துண்டு தப்பிச்சது ஒரு அதிர்ஷ்டம், ஆளு அத கதவுக்கு முட்டு குடுக்க வச்சிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு மாவட்டத்துல எங்கெங்க எத்தன மில்லிமீட்டர் மழைன்னு மறுநாள் பேப்பர்ல வரும், அந்த துண்டையும் கிழிச்சு வைங்க.

அறுக்கறதப் பத்தியும் ஒரு வார்த்த. கூரைல மாட்டி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கிற கிளைல சும்மா வாள் வச்சா அது தெறிக்கும், வாளு சிக்கிக்கும், ஆளு கீழ போவான். அனுபவம் இருக்கற ஆள மட்டும் ஏத்துங்க, மொதல்ல ரெண்டு எடத்துல கயிறு கட்டச் சொல்லுங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுன்னா தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு எடுங்க, அந்த தூசி நெஞ்சுக்கு ஆகாது. மழ மறுபடி வரும்போல இருந்தா கிளைய விட்டுட்டு மேல தார்ப்பாய் மட்டும் போடுங்க. தார்ப்பாய் வாங்குன பில்லையும் வைங்க.

அந்தப் பக்கத்து ஆளக் கூப்பிட்டு காட்டுங்க, அறுக்கறதுக்கு முன்னாடி

பத்தரை மணி இருக்கும், தோட்டத்துக்காரரு வந்தாரு. வயசு அறுபதுக்கு மேல, தலைல துண்டு, கைல சின்ன சாக்கு. கூரையப் பாத்து மன்னிப்பு கேப்பாருன்னு நான் நிக்கிறேன். அவரு கூரையப் பாக்கவே இல்ல. வாசல்ல அடுக்கியிருந்த துண்டுகளுக்கு நடுவுல சிக்கியிருந்த மொளகுக் கொடிய இழுத்துப் பாத்தாரு. ஷீட்டு மேல பச்சை மொளகு சரம் சரமா செதறிக் கெடந்துச்சு.

"தம்பி, கூரை ஒடஞ்சது ஒடஞ்சுபோச்சு, போட்டுக்கலாம். என் கொடிய எதுக்கு அறுத்தீங்க?"

"நான் எங்கண்ணா அறுத்தேன், உங்க மரம்தான வந்து விழுந்துச்சு."

"கொடிக்கு வேரு என் பூமிலதான இருந்துச்சு? மெல்ல எறக்கி அடுத்த மரத்துல சேத்துக் கட்டியிருந்தா தழைச்சிருக்குமே. வேலி ஓரத்துல நறுக்குனு வெட்டி வச்சிருக்கீங்க."

அவரு சொன்னது சரி. எங்க ஆளு வேலை ஈசியா இருக்கட்டும்னு கொடிய வேலிகிட்ட ஒரே வெட்டா வெட்டிட்டான். அஞ்சாறு வருஷத்துக் கொடி, இன்னும் ரெண்டு மாசத்துல பறிக்க வேண்டிய காய். எனக்கு அப்ப இது எதுவும் ஏறல. என் வீட்டுக்கூரை தொறந்து கெடக்கு, இவரு மொளகப் பத்தி பேசறாரேன்னு எனக்கும் சுர்ருனு ஏறிடுச்சு, வாய விட்டேன். அவரு சாக்குல பச்சை மொளக பொறுக்கிக்கிட்டு போனவருதான், மார்ச் மாசம் வரைக்கும் நேர்ல பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு.

மலைல ஒரு மரம்னா அது வெறும் மரம் இல்லைங்க. சில்வர் ஓக்கு காப்பிச் செடிக்கு நெழலு, மொளகுக்குக் கொம்பு, வெட்டுனா பிளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் வாங்கிட்டுப் போற சரக்கு. கீழ சேலத்துல இருந்து வர்ற நமக்கு அது விறகு. அதனால ஒண்ணு ஞாபகம் வைங்க, உங்க எடத்துல விழுந்தாலும் கிளை மரத்துக்காரரோட சொத்துதான். விறகாக்கறதோ விக்கிறதோ "கெடக்கட்டும்"னு ஒதுக்கறதோ, அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுதான். போன்ல இப்படி ஆரம்பிச்சா போதும்: "அண்ணா, ராத்திரி உங்க மரத்துல ஒரு கிளை ஒடிஞ்சு எங்க கூரைல விழுந்துடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, கொஞ்சம் வந்து பாருங்க, உங்களக் கேட்டுட்டு அறுக்கலாம்னு வச்சிருக்கேன்." மரத்தப் பத்தி பேசுங்க, ஆளப் பத்தி பேசாதீங்க. "எத்தன தடவ சொன்னேன்"னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது.

அவரு வெளியூர்ல இருக்காரா? ஏற்காட்டுல பாதி தோட்டத்துக்கு ஓனரு மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோதான் இருப்பாரு, இங்க இருக்கறது மேஸ்திரிதான். மேஸ்திரிகிட்ட காட்டிட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்புங்க. மேஸ்திரி "சரி"ன்னு சொன்னது ஓனரு சொன்னதா ஆகாது.

சரி, காசு யாரு தர்றது?

எல்லாரும் மொதல்ல கேக்கறது இதத்தான். அவரு மரம், அவருதான் தரணும்னு நெனைக்கிறோம். கோர்ட்டு அப்படி பாக்கறதில்ல. நல்லா இருந்த மரம், புயல்ல ஒடிஞ்சுதுன்னா அது இயற்கை, அவரு மேல தப்பு சொல்ல முடியாது. மரம் உள்ள செத்துடுச்சு, சாஞ்சிடுச்சு, பாத்தாலே தெரியுது, இல்ல நீங்க முன்னாடியே சொல்லியிருக்கீங்க, அப்பவும் அவரு கண்டுக்கலன்னா அது கவனக்குறைவு, அப்ப அவரு பொறுப்பு. மொத்த வழக்கும் "அவருக்குத் தெரியுமா, தெரிஞ்சிருக்கணுமா"ங்கறதுலதான் நிக்கும். அதனாலதான் ஒடிஞ்ச வாய் போட்டோ, அதனாலதான் முன்னாடியே எழுதிக் குடுக்கற காயிதம்.

நான் எழுதிக் குடுக்கல. வாயில பாதி பழுப்பு இருந்தது எனக்கு சாதகம், முன்னாடி ஒரு வார்த்த சொல்லாதது எனக்குப் பாதகம், கொடிய வெட்டுனது சுத்தமா என் தப்பு. கடைசில நாங்க முடிச்சதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குலதான். ஷீட்டு, ரீப்பரு, ஆள் கூலி எல்லாம் சேத்து எனக்கு 11,400 ஆச்சு. அவரு 5,000 குடுத்தாரு, மரத்துண்டெல்லாம் அவரு எடுத்துக்கிட்டாரு, அறுந்த கொடிக்கு பதிலா வேர் புடிச்ச மொளகு நாத்து பத்து நான் வாங்கிக் குடுத்தேன்.

இன்சூரன்ஸ் இருக்கான்னு பாருங்க, பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. வீட்டு லோன் வாங்கறப்போ பேங்க்ல ஒரு பாலிசி தலைல கட்டியிருப்பாங்க. 2021 ஏப்ரல்ல இருந்து வர்ற பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசில புயலும் இருக்கு, மரம் விழுந்து ஒடயறதும் இருக்கு. காரு மேல தென்னமட்டையோ கிளையோ விழுந்தா கம்ப்ரிஹென்சிவ் பாலிசி தரும், வெறும் தேர்டு பார்ட்டி போட்டிருந்தா தராது. சேலத்துக்குள்ள காருக்காக நடக்கற மரச் சண்டைல பாதி இந்த ஒரு கிளெய்ம் போட்டா முடிஞ்சிடும், அது தெரியாம காம்பவுண்டு சுவத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னு கத்திக்கிட்டு இருப்பாங்க. ஓட்டு வீடு, குடிசைன்னா வி.ஏ.ஓ.கிட்ட உடனே சொல்லுங்க, இயற்கைச் சீற்றத்துல ஒடஞ்ச வீட்டுக்கு அரசு நிவாரணம் உண்டு, அவரு வந்து பாத்து அறிக்கை எழுதணும், சரி பண்ணி முடிச்சப்புறம் கூப்பிட்டா எழுத ஒண்ணும் இருக்காது.

மரம் யாரு எடத்துல நிக்குது?

இதுல தெளிவா இல்லாமயே சண்டைக்குப் போறவங்க நிறைய. வேலி போட்ட எடம் எல்லைன்னு நெனச்சுக்கறோம், மலைல வேலிங்கறது எப்பவோ யாரோ செம்பருத்தியோ கிளுவையோ நட்டு வச்சது. அரசோட நிலப்பதிவு இணையதளத்துல சர்வே நம்பரப் போட்டா பட்டாவும் எஃப்.எம்.பி.ங்கற நில அளவை வரைபடமும் வரும். அடிமரம் எந்தப் பக்கம்னு பாருங்க. எல்லைலயே நின்னா ரெண்டு பேருக்கும் பொதுன்னு வச்சுப் பேசறதுதான் நல்லது. ரொம்ப இழுபறின்னா காசு கட்டி சர்வேயர வரச்சொல்லி அளந்துக்கலாம், ஒரு கிளைக்காக அவ்வளவு தூரம் போகணுமான்னு ஒரு தடவ ரோசனை பண்ணிக்கங்க. அளக்கறப்போ நம்ம காம்பவுண்டு அவரு எடத்துல ரெண்டு அடி போயிருக்குன்னு வந்தா என்ன பண்ணுவீங்க? ரோட்டோர மரம்னா பக்கத்து வீட்டுக்காரர திட்டிப் பிரயோஜனம் இல்ல, டவுன்ல மாநகராட்சி மண்டல ஆபீஸ், பெரிய ரோடுன்னா நெடுஞ்சாலைத்துறை.

மலைல மரத்துல கை வைக்கிறது தனி சட்டம்

புதுசா வர்றவங்க மாட்டிக்கற எடம் இது. ஏற்காட்டுல உங்க பட்டா நிலத்துல உங்க மரமா இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955லயே மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டுட்டாங்க, கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். கூரைல விழுந்து கெடக்கிற கிளைய எடுத்துப் போடறதுக்கும், "இந்த மரமே ஆபத்து"ன்னு நிக்கிற மரத்த அடியோட சாய்க்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ரெண்டாவதுக்கு வனச்சரக ஆபீஸுக்குப் போகாம ஒரு அடி நகராதீங்க. பக்கத்து வீட்டுக்காரரு வாயால "வெட்டிக்கங்க தம்பி"ன்னு சொன்னாலும் சரி. விழுந்தது சந்தனமோ ஈட்டியோன்னா தொடவே வேணாம், போட்டோ எடுத்து ஃபாரஸ்ட்டுக்கு போன் போட்டுடுங்க. சேர்வராயன் மலைல சந்தனத்துக்கு ஜெயிலுக்குப் போன கதை ஊருக்கு ஒண்ணு இருக்கும்.

கீழ சேலத்துல, அவரு மரக்கிளை உங்க மொட்டமாடிக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா, சொல்லிப் பாத்து கேக்கலன்னா உங்க பக்கத்துல நின்னு எல்லை வரைக்கும் கழிச்சுக்கலாம். அவரு எடத்துல எறங்கக்கூடாது, மரத்துல ஏறக்கூடாது, கழிச்ச கிளை, அதுல இருக்கற மாங்கா, எல்லாம் அவருக்கே. மல்கோவா மரம்னா சீசன் முடியற வரைக்கும் பொறுத்துக்கங்க, இது சட்டம் இல்ல, என் புத்திமதி. அடில பெருங்காயம் வச்சா மரம் பட்டுப்போகும், ஆசிட் ஊத்துனா போதும்னு ரோசனை சொல்ல நாலு பேரு வருவாங்க. அது போலீஸ் கேஸு. போதாததுக்கு, பட்ட மரம்தான் மொதல்ல ஒடிஞ்சு உங்க மேல விழும்.

காயிதத்துல எழுதுங்க

பேசி முடிச்சா அன்னிக்கே ஒரு வெள்ளைத்தாள்ல நாலு வரி. தேதி, எந்த மரம், யாரு எவ்வளவு, மரத்துண்டு யாருக்கு, மிச்சம் இருக்கற கிளைய யாரு எப்ப கழிக்கிறது. ரெண்டு பேரு கையெழுத்து, ரெண்டு சாட்சி. பத்திரம் எல்லாம் வாங்கணும்னு இல்ல.

பேச்சுக்கு வரலன்னா, இல்ல இன்னும் விழல ஆனா விழற மாதிரி நிக்குதுன்னா, ஒரு லெட்டர். மெரட்டற லெட்டர் வேணாம். நான் அப்புறமா இன்னொரு கிளைக்குக் குடுத்தது இப்படி:

"ஐயா, வேலி ஓரம் உங்கள் பக்கம் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளை என் வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்துள்ளது. அடியில் பொந்து விழுந்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். அடுத்த மழைக்கு முன் கழித்துவிட ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் ஏறி இறங்க என் பக்கம் இடம் தருகிறேன்."

கடைசி வரி முக்கியம், அதப் படிச்சா சண்டைக்கு வந்த மாதிரி தெரியாது. கைல குடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க, போடமாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பி டெலிவரி ஆன அத்தாட்சிய எடுத்து வைங்க. பழைய ரிஜிஸ்டர் தபால 2025 செப்டம்பர்ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க.

எதுக்கும் மசியலன்னா

மலைல இன்னும் சில ஊர்ல ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர் பேச்சுக்கு மரியாத இருக்கு, மொதல்ல அங்க போங்க, டீச்செலவோட முடியும். போலீஸ் ஸ்டேஷன்ல கிளை விழுந்ததுக்கு எஃப்.ஐ.ஆர். எல்லாம் போட மாட்டாங்க, சிவில் மேட்டருன்னு அனுப்பிடுவாங்க. மனுவ வாங்கிக்கிட்டு சி.எஸ்.ஆர்.னு மனு வாங்குனதுக்கு ரசீது குடுத்தா வாங்கிக்கங்க, இன்சூரன்ஸுக்கு ஆகும்.

இன்னும் விழாம ஆளுங்க தலைக்கு மேல தொங்கற மரம்னா ஆர்.டி.ஓ.கிட்ட (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுக்கலாம். விழுந்து அக்கம்பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கோ வழில போறவங்களுக்கோ காயம் ஆகற நிலைமைல ஒரு மரம் இருந்தா அத எடுக்கவோ முட்டுக் குடுக்கவோ உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (சி.ஆர்.பி.சி.) பிரிவு 133ன்னு இருந்தது, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல பிரிவு 152. உங்க ஒரு வீட்டுக்கு மட்டும்தான் தொந்தரவுன்னா சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லுவாங்க, அதே மரத்துக்கு அடில ஸ்கூல் பிள்ளைங்க நடந்து போற பாதை இருந்தா மனுல அத மொத வரில எழுதுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தாலும் அது கடைசில அந்த மேசைக்குத்தான் வரும்.

நஷ்ட ஈடுதான் வேணும்னா, முன்சீப் கோர்ட்டுல கேஸ் போடறதுக்கு முன்னாடி சேலம் கோர்ட்டு வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. ஹெல்ப்லைன் 15100. கேஸே போடாம ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்சா அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரிதான், அதுக்கு மேல அப்பீல் கெடையாது. பொம்பளைங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே வக்கீல் இலவசம். 11,400 ரூபா ஷீட்டுக்காக வருஷக்கணக்கா வாய்தாவுக்கு மலை எறங்கி ஏறறத விட இது எவ்வளவோ மேல்.

ஒடிஞ்சது உங்க மரம்னா நீங்க மொதல்ல போயி நில்லுங்க. அவரு கூப்பிடற வரைக்கும் காத்திருக்காதீங்க, சும்மா போவாம ஒரு தார்ப்பாயோட போங்க.

மிச்சம் நிக்கிற மரம்

ஒரு கிளை ஒடிஞ்சா அந்த மரத்துல காத்து புடிக்கிற வாட்டமே மாறிடும், மிச்சம் இருக்கறது அடுத்த மழைல வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு தோட்டத்துலயும் வருஷா வருஷம் காப்பிக்கு நெழல் கழிப்பாங்க, அப்ப மரம் ஏற ஆளுங்க எப்படியும் வந்திருப்பாங்க. அந்த வாரமாப் பாத்து "வேலி வரிசையையும் சேத்து கழிச்சிடலாமா அண்ணா, அந்த வரிசைக்குக் கூலி நான் பாதி தர்றேன்"னு கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்லி நான் பாக்கல. ஈபி லைன் பக்கம் போற கிளைன்னா நம்ம ஆள ஏத்தவே கூடாது. மாசாந்திர பராமரிப்புன்னு கரண்டு நிறுத்தற நாள்ல ஈபி ஆளுங்களே கழிப்பாங்க, முன்கூட்டியே மனு குடுத்து வைக்கணும்.

எங்க வேலில இந்த வருஷம் அப்படித்தான் ஆறு மரம் கழிச்சோம். லைன் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற ஒண்ணு மட்டும் பாக்கி. அதுக்கு பிரிவு ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம், மேல அவரு கையெழுத்து, கீழ என்னோடது. போன மாசம் கரண்டு நிறுத்துன அன்னிக்கு அவங்க வரல. அடுத்த நிறுத்தம் எப்பன்னு பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்கோம்.